பெயர் தெரியாத கற்களைக் காப்போருக்கு ஒரு திறந்த மடல்

பொருட்காட்சிசாலைகளிலும் கல்லூரிகளின் பூகர்ப்ப சாஸ்திரப் பிரிவுகளிலும் பாசில்களையும் பாறைத் துண்டுகளையும் இழுப்பறைகளில் வைத்துப் பேணிவரும் அன்பர்களுக்கு,



பார்வையாளர்கள் நின்று வியக்கும் கண்ணாடிப் பேழைகளுக்குப் பின்னால், வெளிச்சமும் காற்றும் குறைந்த பண்டக அறைகளிலே, தாங்கள் காத்துவரும் பொருள்களுள், ஒவ்வோர் ஆண்டும் இருப்புச் சரிபார்ப்பு வரும்போதெல்லாம் தங்களைச் சங்கடப்படுத்துகிற ஒரு வகை உண்டு என்பதை நான் அறிவேன். எந்த ஊரில், எந்தப் படுகையில், யாரால் எடுக்கப்பட்டது என்ற விவரம் மட்டும் சீட்டில் இருக்க, இன்ன பிராணியென்றோ இன்ன தாவரமென்றோ எவரும் நிர்ணயிக்காத காரணத்தால், பெயர் எழுத வேண்டிய கட்டம் வெறுமையாகவே நின்றுவிட்ட கற்கள் அவை. இடம் போதவில்லை, அலமாரி வேண்டும், தணிக்கையாளர் கேட்கிறார் என்ற நெருக்கடி வரும்போது கழித்துக்கட்டும் பட்டியலில் முதலில் ஏறுகிறவையும் அவையே. அவற்றைக் கழித்துவிடாதீர்கள் என்று வேண்டிக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். இந்த வேண்டுகோளுக்கு வெறும் பழம்பொருட் பற்று காரணமன்று. உயிரினங்களின் சரித்திரத்தில் நூற்றிருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக விடை காணப்படாதிருந்த ஒரு பெரும் புதிர், தாங்கள் காப்பது போன்றதோர் இழுப்பறைக்குள்ளிருந்துதான் விடுபட்டது என்ற உண்மையே காரணம்.

1982ஆம் ஆண்டில், எடின்பரோ சர்வகலாசாலையைச் சேர்ந்த யூவன் கிளார்க்ஸன் என்னும் ஆராய்ச்சியாளர், அந்நகரிலே பிரிட்டிஷ் பூகர்ப்ப ஆராய்ச்சி நிறுவனத்தாரின் சேமிப்பிலிருந்த கற்களைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். அவர் தேடிச் சென்றது இறால்களை. எடின்பரோவின் வடகரையில், ஃபோர்த் முகத்துவாரத்தை ஒட்டிய கிராண்டன் என்ற இடத்திலே, ஏறத்தாழ முப்பத்துமூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. இறால் போன்ற பிராணிகளின் பாசில்கள் அதில் மிகுதியாகக் கிடைப்பதால் 'இறால் படுகை' என்றே அதற்குப் பெயர் வழங்கிவிட்டது. அவ்வடுக்கிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெயர்த்தெடுக்கப்பட்டு, பல பத்தாண்டுகளாக எவர் கவனத்தையும் கவராமல் கிடந்த பலகைகளுள் ஒன்றில், இறாலுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஒரு மங்கிய கோடு அவர் கண்ணில் பட்டது. நீளம் 40 மில்லிமீட்டருக்குச் சிறிதே அதிகம். அகலம் 2 மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. கல்லின் மீது படிந்த கறை என்று ஒதுக்கிவிடத்தக்க அந்தக் கோட்டை அவர் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, ஒரு முனையில் துடுப்பின் கதிர்கள் தெரிந்தன. உடல் நெடுகிலும் தசைப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்திருந்தன. மற்றொரு முனையில், தலையிருக்க வேண்டிய இடத்தில், நுண்ணிய பற்களின் தொகுதியொன்று இருந்தது. அந்தப் பற்களை உலகெங்கும் உள்ள பூகர்ப்ப சாஸ்திரிகள் நன்கு அறிவர். அவற்றுக்கு உரிய பிராணியைத்தான் அதுவரை ஒருவரும் கண்டதில்லை.

கிளார்க்ஸன், டெரெக் பிரிக்ஸ், ரிச்சர்ட் ஆல்ட்ரிட்ஜ் ஆகிய மூவரும் சேர்ந்து 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைக்கு 'கோனோடான்ட் பிராணி' என்பதற்கு மேல் அலங்காரமான தலைப்பு எதுவும் இடவில்லை. இட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அந்தத் தலைப்பின் கனம் விளங்க வேண்டுமானால், கதையின் தொடக்கத்துக்குச் செல்ல வேண்டும். ரீகா நகரில் 1794ஆம் ஆண்டில் பிறந்த கிறிஸ்தியான் ஹைன்ரிக் பாண்டர், இளமையில் கோழிமுட்டைக்குள் கரு வளரும் விதத்தை ஆராய்ந்து, உறுப்புகளெல்லாம் கருவின் அடுக்குகளிலிருந்தே உருவாகின்றன என்று 1817ஆம் ஆண்டிலேயே காட்டிப் புகழ் பெற்றவர். அவர் பிற்காலத்தில் பால்டிக் கரையோரத்துத் தொல்பாறைகளை ஆராய்கையில், ஒரு மில்லிமீட்டரளவும் அதனினும் சிறிதுமான, பளபளப்பு மிக்க கூரிய துணுக்குகளைக் கண்டார். அவற்றை மறைந்துபோன மீன்களின் பற்களென்று கருதி, கோனோடான்ட் என்று பெயரிட்டு, 1856ஆம் ஆண்டில் ஒரு நூலில் விரிவாக எழுதினார். அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. இங்கிலாந்தின் பெரும் உடற்கூற்று நிபுணரான ரிச்சர்ட் ஓவன் இவை மீனுக்கு உரியவை அல்ல என்றார். அவருக்குப் பின் வந்தவர்களுள் சிலர் புழுக்களின் தாடையென்றும், சிலர் நத்தையினத்தின் நாவிலுள்ள அரமென்றும், வேறு சிலர் மீனின் செவுளைத் தாங்கும் முள்ளென்றும், தாவரத்தின் உறுப்பென்றுகூடவும், ஒருவர்பின் ஒருவராக அபிப்பிராயம் கூறிப்போயினர். பல்லோ, முள்ளோ, தாங்குகோலோ என்பதுகூட நிச்சயமாகத் தெரியாத ஒரு பொருளுக்கு, இவ்வளவு பேர் இவ்வளவு காலம் உழைத்தார்கள் என்பது சாஸ்திர உலகத்தின் பொறுமைக்குச் சான்று.

1934ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்மித்தும் அமெரிக்காவில் ஹாரல்ட் ஸ்காட்டும், ஒருவரை ஒருவர் சாராமல், ஒரே பாறைத் தளத்தின் மீது பல வடிவப் பற்கள் வரிசை குலையாமல் கூடிக் கிடப்பதைக் கண்டார்கள். அதுவரை தனித்தனி ஜாதியென்று பெயர் சூட்டப்பட்ட பல துணுக்குகள், ஒரே பிராணியின் வாய்க்குள் வெவ்வேறு தொழில் செய்த உறுப்புகள் என்பது அப்போது புலனாயிற்று. முன்புறத்தில் இரையைப் பற்றும் நீண்ட கிளைப்பற்களும், பின்புறத்தில் வெட்டவும் நொறுக்கவும் உதவும் இணைப்பற்களுமாக, பெரும்பாலான வகைகளில் 15 உறுப்புகள் கொண்ட ஒரு முழுக் கருவி அது.

உரிய பிராணி எதுவென்று தெரியாமலிருந்தும், இப்பற்களை உபயோகிப்பதில் பூகர்ப்ப சாஸ்திரிகள் தயங்கவில்லை என்பதுதான் இச்சரித்திரத்தில் எனக்கு மிகவும் விசேஷமாகத் தோன்றுவது. கேம்பிரியன் காலம் தொட்டு, சுமார் இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் டிரையாசிக் காலம் முடியும் வரை, ஏறக்குறைய முப்பது கோடி ஆண்டுக் காலம் இப்பிராணிகள் கடல்களில் வாழ்ந்தன. அக்காலம் முழுவதும் அவற்றின் பற்கள் விரைந்து விரைந்து உருமாறின. பல வகைகள் கடல்தோறும் பரவியிருந்தன. ஆகவே, ஒரு சுண்ணாம்புக்கல்லில் எந்த வடிவப் பல் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டால், அக்கல் எக்காலத்தில் படிந்தது என்பதையும், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள எந்தக் கல்லுக்கு அது சமகாலத்தது என்பதையும் சொல்லிவிடலாம்.

இவற்றைக் கல்லிலிருந்து பிரித்தெடுக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் பண்டக அறையைப் பற்றிய என் வேண்டுகோளுக்கும் அதற்கும் நேரான தொடர்பு உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சிறு துண்டுகளாக உடைத்து, நீர்த்த அசெட்டிக் அமிலத்தில், அதாவது காடியின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலத்தில், ஊறப்போடுவார்கள். சுண்ணாம்பு மெல்ல நுரைத்துக் கரைந்துபோகும். பாஸ்பேட்டால் ஆன பற்கள் கரையாமல் நிற்கும். நாள் கணக்கிலும் சில சமயம் வாரக் கணக்கிலும் அமிலத்தை மாற்றி மாற்றி ஊற்றிய பிறகு, அடியில் தங்கிய கசடை நுண்ணிய சல்லடையில் கழுவி, உலர்த்தி, அடர்த்தி மிகுந்த திரவத்தில் இட்டால், கனமான பற்கள் அடியில் இறங்க, மணலும் களிமண்ணும் மேலே மிதக்கும். அப்படி இறங்கியதைக் கட்டம் போட்ட சிறு தட்டில் பரப்பி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, நாலைந்து மயிரே உள்ள தூரிகையின் நுனியை ஈரப்படுத்தி, பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து, பசை தடவிய அட்டைச் சில்லில் ஒட்டி வைப்பார்கள். வெறுங்கண்ணுக்கு ரவைக் குருணையாகத் தெரிந்தது, அந்தக் கண்ணாடிக்குள் ஒரு முழுத் தாடையாக விரியும்: நடுவே ஒரு நெடிய கூர், அதன் இருபுறமும் படிப்படியாகக் குறையும் சிறு கூர்கள், அடியில் ஒரு குழிவு, மேலே தேன் நிறத்து மினுமினுப்பு. ஒரு கிலோ கல்லுக்கு ஒரு பல்லும் கிட்டாமற் போவதுண்டு. நூற்றுக்கணக்கில் கிட்டுவதும் உண்டு.

தேன் நிறம் என்றேன். எல்லாப் பல்லும் அந்நிறத்தில் இருப்பதில்லை. சில பழுப்பாகவும் சில கன்னங்கறேலென்றும் இருக்கும். இவ்வேற்றுமையை ஆராய்ச்சியாளர் பலரும் கண்டிருந்தும் பொருட்படுத்தாமலே இருந்தனர். அமெரிக்கப் பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த அனிட்டா ஹாரிஸ் என்ற அம்மையார்தான், அப்பலேஷியன் மலைத்தொடரின் ஒரு பகுதியிலிருந்து வந்த பற்கள் வெளிறியும் மற்றொரு பகுதியிலிருந்து வந்தவை கறுத்தும் இருப்பதற்குக் காரணம் அவற்றின் இனமோ வயதோ அன்று, புதைந்திருந்த பாறை அனுபவித்த வெப்பமே என்று ஊகித்தார். வெளிறிய பற்களை உலையில் வைத்துச் சூடேற்றிப் பார்த்தார். அவை மஞ்சளிலிருந்து பழுப்புக்கும், பழுப்பிலிருந்து கறுப்புக்கும் வரிசை பிறழாமல் மாறின. வேறு இருவருடன் சேர்ந்து 1977ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நிற அட்டவணைப்படி, வெளிர்மஞ்சளாயிருந்தால் அப்பாறை 80 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை; முற்றுங் கறுத்திருந்தால் 300 டிகிரியைக் கடந்துவிட்டது. பெட்ரோலியம் உருவாக மிதமான வெப்பம் வேண்டும். மிகுந்துவிட்டால் எண்ணெய் சிதைந்துபோகும். ஆகையால் எண்ணெய் தேடும் கம்பெனிகளுக்கு ஒரு கிணற்றைத் தோண்டுவதா விடுவதா என்று முடிவு செய்ய இப்பற்களின் நிறம் துணையாயிற்று. பிராணி எதுவென்று தெரிவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே அதன் பல் இவ்வளவு பெரிய தொழிலுக்கு வழிகாட்டியாகிவிட்டது.

இனி, உங்கள் பணிக்கு இன்னும் நெருங்கிய ஒரு பகுதிக்கு வருகிறேன். கிராண்டன் பலகை கண்ணில் படுவதற்கு முன்பே, கோனோடான்ட் பிராணி அகப்பட்டுவிட்டது என்ற முழக்கம் ஒருமுறை எழுந்து அடங்கியது. மொன்டானா மாகாணத்தில் பேர் கல்ச் என்ற இடத்துச் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த, மீனைப் போன்ற உருவமுடைய சில பாசில்களின் உடலுக்குள்ளே கோனோடான்ட் பற்கள் இருப்பதை 1969ஆம் ஆண்டில் வில்லியம் மெல்டன் கண்டார். அவரும், முன்னரே பெயர் சொன்ன அதே ஹாரல்ட் ஸ்காட்டும் சேர்ந்து, இதுவே நாம் தேடிய பிராணி என்று 1973ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆனால் பற்கள் இருந்த இடம் வாயன்று, வயிறு. அவ்வுயிர் கோனோடான்ட்டைத் தின்ற உயிரேயன்றிக் கோனோடான்ட் அன்று என்பது பின்னர் தெளிவாயிற்று. இளமையில் பற்தொகுதியைக் கண்டறிந்த ஸ்காட், முதுமையில் அதற்குரிய பிராணியையும் கண்டுவிட்டதாக மகிழ்ந்திருந்தார் என்று நினைக்கும்போது என் மனம் இரங்குகிறது. அவர் எய்திய ஏமாற்றத்தோடு அந்தக் கற்களும் பயனற்றவையாகிவிட்டன என்று சொல்லிவிட இடமில்லை. டைஃப்ளோயீசஸ் என்று பெயர் பெற்ற அந்த விசித்திர உயிர் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தது என்ற கேள்வி மேலும் அரை நூற்றாண்டு நீடித்தது. சேமிப்பில் இருந்த மாதிரிகளை மறுபடி நுணுகிப் பார்த்த சைமன் கான்வே மாரிஸும் ஷான் பெர்னார் கரோனும், அதன் உடலுக்குள்ளே பல்வரிசை கொண்ட நாவமைப்பு ஒன்றைக் கண்டு, நத்தையினத்துக்கு உறவாக இருக்கக்கூடுமென்று 2022ஆம் ஆண்டில் எழுதினார்கள். ஆராய்ச்சியாளர் கைவிட்ட பிறகும் பண்டகக் காப்பாளர் கைவிடாமல் இருந்ததால்தான் அக்கற்கள் மறுபடி பேசின.

தென்னாப்பிரிக்காவிலும் இவ்வாறே. செடர்பர்க் மலைப் பகுதியில், சுமார் நாற்பத்துநான்கரைக் கோடி ஆண்டுக்கு முற்பட்ட சூம் ஷேல் என்னும் கரிய களிப்பாறையில் கிடைத்த கிளைத்த உருவங்களை, ஆதியில் நிலத்தில் முளைத்த செடியென்று கருதி ப்ராமிஸம் என்று பெயரிட்டு 1980களில் வெளியிட்டார்கள். 1990ஆம் ஆண்டில் அது செடியன்று, பெரியதொரு கோனோடான்ட்டின் பற்தொகுதி என்பது நிரூபணமாயிற்று. 1995ஆம் ஆண்டில் அதே பாறையிலிருந்து தசைநார்களும் கண்களும் பதிந்த உடலொன்றை சாரா கேபட், ஆல்ட்ரிட்ஜ், தெரான் ஆகியோர் விவரித்தனர். உயிரோடிருந்தபோது அதன் நீளம் சுமார் 40 சென்டிமீட்டர் இருக்கலாமென்று மதிப்பிட்டனர். தசை அழுகிப்போவதற்கு முன்பே களிமண் தாதுக்கள் அதன் இழைகளுக்குள் புகுந்து வடிவத்தைப் பிடித்துவைத்தன. அந்த இழைகளை இன்று தனித்தனியே காண முடிகிறது.

கிராண்டன் பலகைக்குப் பின் அதே படுகையிலிருந்து கிடைத்த வேறு சில உடல்களையும் ப்ராமிஸத்தையும் ஒருங்கே வைத்துப் பார்க்கையில், அந்தப் பிராணியின் உருவம் ஓரளவு தெளிவாகிறது. விலாங்கைப் போல் நீண்டொடுங்கிய உடல். அதன் நடுவே முதுகுத்தண்டுக்கு முன்னோடியான ஒரு மெல்லிய தண்டு. இருபுறமும் கோணக்கோணமாக மடிந்த தசைப் பட்டைகள். வாலில் கதிர்த் துடுப்பு. தலையில் உடலின் அளவுக்குப் பெரிய இரு கண்கள். தாடையென்று ஒன்று இல்லாத வாய். அவ்வாயின் உட்புறத்தில் இந்தப் பற்கள். இன்றுள்ள பிராணிகளில் லாம்ப்ரே, ஹாக்ஃபிஷ் என்னும் தாடையில்லா மீன்களே அதற்கு நெருங்கிய உறவினராகக் கருதப்படுகின்றன. முதுகெலும்புள்ள பிராணிகளின் குலத்துக்கு, அதாவது நம் குலத்துக்கு, அது உறவு என்பதில் இப்போது பெரும்பாலோர்க்கு ஐயமில்லை. மீனின் பல் என்று பாண்டர் 1856இல் ஊகித்தது உண்மைக்கு மிக அருகில் நின்றிருக்கிறது.

எவ்வளவு நெருங்கிய உறவு என்பதில்தான் விவாதம். கோனோடான்ட் பற்களின் குறுக்குவெட்டில் எலும்பையும் பற்சிப்பியையும் ஒத்த திசுக்கள் இருப்பதாக 1992ஆம் ஆண்டில் ஐவன் சான்ஸமும் அவர் துணைவர்களும் அறிவித்தபோது, நம் வாயிலுள்ள பல்லின் ஆதிமூலமே அகப்பட்டுவிட்டதாகப் பலரும் மகிழ்ந்தனர். 2013ஆம் ஆண்டில் டங்கன் மர்டாக், ஃபில் டானஹியூ முதலியோர், சின்க்ரோட்ரான் என்னும் பெருங்கருவியின் எக்ஸ் கதிரைக் கொண்டு, பல்லை உடைக்காமலே அதன் உள்ளடுக்குகளைப் படம்பிடித்துப் பார்த்து, கோனோடான்ட்டின் சிப்பி நம் பற்சிப்பியின் மூதாதையன்று, தனி வழியில் தானே தோன்றிய ஒப்புமை மாத்திரமே என்று வாதிட்டார்கள். எனக்கு இப்பின்னைய முடிவே பொருத்தமாகப் படுகிறது. நம் பல் உள்ளிருந்து வளர்கிறது. கோனோடான்ட்டின் பல்லோ வெளிப்புறத்தில் அடுக்கின்மேல் அடுக்காக ஏறி வளர்ந்தது. கடித்துக் கடித்துத் தேய்ந்த முனையின் மீது மறுபடி ஒரு படலம் போர்த்தி அதைப் புதுப்பித்துக்கொண்டது. தேய்மானத்தின் கீறல்கள் பற்களின் மீது இன்றும் காணக்கிடக்கின்றன. அவை வெறும் வடிகட்டிகளாயிராமல் இரையைக் கடித்த பற்களே என்பதை 1995ஆம் ஆண்டில் மார்க் பர்னல் மெய்ப்பித்தது அக்கீறல்களைக் கொண்டேயாகும். தாடையின் வலிமை இல்லாதபோது கூர்மைதான் துணை. சில வகைகளின் கூர்முனை ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்களவே இருந்ததாக அளந்து கண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தாங்கள் கேட்கலாம். அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளில் எவ்வளவு தேடினும் கோனோடான்ட் கிடைக்காது. அப்பாறைகள் படிந்த கடல் நம் நிலத்தின்மீது பரவுவதற்கு ஏறக்குறைய ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே அவ்வினம் அற்றுப்போய்விட்டது. ஆனால் இமயத்தில் உண்டு. பெர்மியன் காலம் முடிந்து டிரையாசிக் தொடங்கும் எல்லை, கடல்வாழ் உயிர்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்துபோன அந்தப் பயங்கரமான எல்லை, சீனாவின் செஜியாங் மாகாணத்தில் மெய்ஷான் என்ற இடத்துச் சுண்ணாம்புக்கல் அடுக்கொன்றில், ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடான்ட் முதன்முதல் தோன்றும் புள்ளியில் இருப்பதாக 2001ஆம் ஆண்டில் சர்வதேச அளவில் நிர்ணயிக்கப்பட்டது. அந்தப் பெருமைக்கு உரிய இடமாகப் பரிசீலிக்கப்பட்டவற்றுள் ஸ்ரீநகருக்கு அருகிலுள்ள குர்யுல் ஓடையும் ஒன்று. டிரையாசிக்கின் உட்பிரிவான ஒலெனெக்கியன் தொடங்கும் எல்லைக்கு ஸ்பிதியிலுள்ள முத் என்னும் மலைக்கிராமத்தின் பாறைவெட்டு முன்மொழியப்பட்டிருக்கிறது. அங்கும் சாட்சி கூறுவது ஒரு கோனோடான்ட்டே. அவ்வழிவுக்குப் பிந்திய காலத்தில் கடல்நீர் எவ்வளவு கொதித்தது என்பதையும் இப்பற்களே சொல்கின்றன. பற்களிலுள்ள ஆக்ஸிஜனின் ஐசோடோப்புகளை அளந்து, வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கக்கூடுமென்று தென்சீனத்துப் பற்களைக் கொண்டு 2012ஆம் ஆண்டில் கணக்கிட்டார்கள்.

தென்னிந்தியாவின் கிரிட்டேஷியஸ் பாசில்களைப் பற்றிப் பெருநூல் வரைந்த ஃபெர்டினண்ட் ஸ்டோலிஸ்காவை இத்துறையில் உள்ள தாங்கள் அனைவரும் அறிவீர்கள். அதே ஸ்டோலிஸ்கா 1860களில் ஸ்பிதியின் டிரையாசிக் சுண்ணாம்புக்கல் மீதும் நடந்தவர். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அம்மலைகளிலிருந்து கொண்டுவந்தது முக்கியமாக அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும்; அமிலத்தில் கல்லைக் கரைத்துப் பற்களை எடுக்கும் முறை பரவுவதற்கு அப்போது பல பத்தாண்டுகள் இருந்தன. அத்தகைய பழைய சேகரங்களில், அம்மோனைட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புக்கல்லில் சேகரித்தவர் அறியாமலே கோனோடான்ட் பற்கள் ஒளிந்திருக்கக்கூடும். காட்சிக்கு அழகாக வேண்டுமென்று அந்த ஒட்டுக்கல்லைச் செதுக்கிப் பெருக்கித் தள்ளிவிட்டால், பாசில் பளிச்சென்று தெரியும். அதன் வயதைச் சொல்லக்கூடிய சாட்சி குப்பைக்குப் போய்விடும்.

நான் அறிந்த ஒரு கல்லூரியில், வெள்ளையடிக்கும் வேலைக்காக அலமாரிகளை ஒழித்தபோது, சீட்டுகள் அழுக்காகிவிடக் கூடாதென்ற நல்லெண்ணத்தோடு, ஒவ்வொரு கல்லிலிருந்தும் அதன் சீட்டைப் பிரித்து, எல்லாச் சீட்டையும் ஒரு துணிப்பையில் பத்திரமாகக் கட்டி வைத்தார்கள். வேலை முடிந்தது. சீட்டுகள் ஒன்றும் சேதமாகவில்லை. கற்களும் ஒன்றும் குறையவில்லை. எந்தச் சீட்டு எந்தக் கல்லுக்கு உரியது என்று சொல்லத்தான் உலகத்தில் ஒருவரும் இல்லை. அரை நூற்றாண்டுக் காலத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் வெயிலில் அலைந்து சேர்த்த சேகரம், வெறும் கல்குவியலாகிவிட்டதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கிராண்டன் பலகையின் சீட்டு தொலைந்திருந்தால், கிளார்க்ஸன் அதில் ஒரு விலாங்கு வடிவத்தைக் கண்டிருப்பார். அது எக்காலத்தது, எங்கிருந்து வந்தது, இன்னும் வேண்டுமானால் எங்கே போய்த் தேடுவது என்பதற்கு வழியே இருந்திராது. மேலும் சில உடல்கள் அதே படுகையிலிருந்து கிடைத்ததும் அந்தச் சீட்டினாலேதான்.

இவற்றையெல்லாம் எண்ணித்தான் தங்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். பெயர் தெரியாத பொருளின் சீட்டில், பெயருக்குரிய கட்டம் காலியாக இருப்பதைக் குறையாக எண்ணி, ஏதோ ஒரு பெயரை அவசரத்தில் எழுதி நிரப்பிவிட வேண்டாம். பிழையான பெயர் ஒன்று ஏறிவிட்டால் அதன்பின் எவரும் அக்கல்லைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊர், ஓடை அல்லது குவாரியின் பெயர், எந்த அடுக்கு, எத்தனையாவது அடி, எடுத்த தேதி என்னும் விவரங்களைச் சீட்டிலும் பதிவேட்டிலுமாக இரண்டிடத்தில் எழுதி, கல்லின் மீதே அழியாத மையில் எண்ணையும் போட்டுவையுங்கள். அப்போது சீட்டு பிரிந்தாலும் கல் அநாதையாகாது. ஆராய்ச்சி மாணவர் அமிலத்தில் கரைத்து வேண்டியதைப் பொறுக்கியபின் மிஞ்சும் கசடைக் கொட்டிவிடாமல், ஒரு சிறு புட்டியில் அடைத்து எண்ணிட்டு வைக்கச் சொல்லுங்கள். அவர் தேடியது ஒன்றாயிருக்கலாம்; அடுத்தவர் தேடுவது மற்றொன்றாயிருக்கும்.

இன்னொன்றை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். இழுப்பறைகளைத் தத்தம் துறையாருக்கு மாத்திரம் திறப்பது என்ற வழக்கத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். கோனோடான்ட்டையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர்கள் உலகில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்; 1967ஆம் ஆண்டு முதல் அவர்களுக்கென்று பாண்டர் பெயரால் ஒரு சங்கமே இருந்து வந்தது. அவர்களுக்குக் கிட்டாத பிராணி, இறாலைப் பார்க்க வந்தவருக்குக் கிட்டியது. ஆகவே விலங்கியல் மாணவர் வந்து பாசில் பார்க்க வேண்டும் என்றாலும், தாவரவியல் ஆசிரியை வந்து கேட்டாலும், இது உங்கள் பாடமில்லையே என்று திருப்பியனுப்பாதீர்கள். ஒரு கைக்கண்ணாடியும் நாற்காலியும் கொடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவையுங்கள்.

கழிவுப் பட்டியல் தயாரிக்க வேண்டிய கட்டாயம் எப்படியும் வரத்தான் செய்யும் என்பதையும் நான் அறியாதவனல்லன். அப்போது பெயர் தெரியாதவை என்ற ஒரே காரணத்துக்காக எதையும் அப்பட்டியலில் சேர்க்காமல், அவற்றுக்கென்று தனி அலமாரி ஒன்றை ஒதுக்கி, சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் ஒரு புகைப்படமாவது எடுத்து, பிற நிலையங்களில் பணிபுரியும் தங்கள் சகாக்களுக்கு அனுப்பிக் கேட்குமாறு வேண்டுகிறேன். படம் எடுக்கும்போது அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைக்க மறக்க வேண்டாம். கல்லின் இரு பாதிகளும் இருந்தால் இரண்டையும் சேர்த்தே எடுத்து, சேர்த்தே வையுங்கள்.

தங்கள் பணியின்பால் மிகுந்த மதிப்புடன்,
பூகர்ப்ப சாஸ்திர அபிமானி ஒருவன்